தண்ணீர் வருமுன் செய்தி வரவேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். மலைப்பகுதிகளின் வளர்ச்சியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இதில் நான் வருடக்கணக்காகச் சொல்லிவருவது ஒன்றுதான். மலையின் மேல்பக்கம் ஒரு நாட்டிலும் கீழ்ப்பக்கம் இன்னொரு நாட்டிலும் இருந்தால், இரண்டும் பேசிக்கொள்ளாமல் அங்கே எதைக் கட்டினாலும் நிலைக்காது.

1981 ஜூலையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திபெத்தில் ஒரு பனியேரி. பனியாறு உருகிப் பின்வாங்கும்போது, அது முன்பு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும் கரையாக நின்றுவிடும். உருகிய நீர் அதற்குப் பின்னால் தேங்கும். யாரும் கட்டாத கரை, யாரும் பராமரிக்காத கரை. அது உடைந்தது. வெள்ளம் போடே கோசி ஆற்றின் வழியே நேபாளத்துக்குள் இறங்கியது. எல்லையிலிருந்த நட்புப் பாலம் போயிற்று. நெடுஞ்சாலை சிதைந்தது. கீழே சுன்கோசி நீர்மின் திட்டமும் அடிவாங்கியது.

ஏரி ஒரு நாட்டில், மின்நிலையம் அடுத்த நாட்டில்! நேபாளப் பொறியாளர் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், மேலே ஏரியில் நீர் ஏறுவது அவருக்கு எப்படித் தெரியும்? இது பழங்கதையும் அல்ல. அந்த ஏரி மறுபடி நிரம்பிவிட்டது. 2016இல் அதே ஆற்றில் வேறொரு ஏரியின் வெள்ளம் வந்தது. 2025 ஜூலையில் நேபாள-சீன எல்லையில் ரசுவாகடி என்ற இடத்திலிருந்த பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோனது. அந்தத் தண்ணீரும் திபெத் பக்கப் பனியாற்றின் மேல் தேங்கியிருந்ததுதான்.

மேலே நீர்மட்டத்தை அளக்க ஒரு கருவி, அங்கிருந்து கீழேயுள்ள ஊர்களுக்கு நேராகப் போகும் செய்தி: நான் கேட்பது இவ்வளவுதான். செய்தி ஒரு தலைநகருக்குப் போய், அங்கிருந்து மறு தலைநகருக்குப் போய், அப்புறம் ஊருக்கு வருவதற்குள் ஆறு முந்திக்கொள்ளும். திரும்பவும் சொல்கிறேன், தண்ணீர் வருமுன் செய்தி வரவேண்டும். இதற்கான மேடை இல்லாமல் இல்லை. காத்மாண்டுவில் 1983இல் தொடங்கிய ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையத்தில் இந்தியா, சீனா, பாகிஸ்தான் உட்பட எட்டு நாடுகள் உறுப்பினர்கள். உறவு கசந்த காலத்திலும் பனியாற்றின் அளவீடுகளைப் பகிர்ந்துகொள்ள முடியும், முடியவேண்டும்.

சரி, வெள்ளத்தை விட்டு ஆடுமாடுகளுக்கு வருவோம். கஞ்சன்ஜங்கா பக்கத்தில் யாக் மாடு வளர்ப்பவர்கள் முன்பெல்லாம் திபெத்திலிருந்து பொலிகாளை கொண்டுவருவார்கள். எல்லை இறுகியதும் அது நின்றது. ஒரே மந்தைக்குள்ளேயே இனம் பெருகி, கன்றுகள் நலிந்தன. மேய்ப்பவனின் வருமானத்தைக் குறைத்தது வறட்சியோ நோயோ அல்ல, ஒரு கோடு.

ஆல்ப்ஸ் மலையில் இதைக் கொஞ்சம் முன்பே புரிந்துகொண்டார்கள். 1991இல் சால்ஸ்பர்க்கில் கையெழுத்தான ஆல்ப்ஸ் உடன்படிக்கையில் இன்று எட்டு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் இருக்கின்றன. மலையைக் குறுக்காகக் கடக்கும் புதிய பெருஞ்சாலைகளைத் தவிர்ப்பது என்று அதன் போக்குவரத்து நெறிமுறை சொல்கிறது. ஏன் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்? 1999இல் பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கப் பாதையில் தீப்பிடித்து 39 பேர் இறந்தார்கள். பாதை மூன்று வருடம் மூடிக்கிடந்தது. லாரிகள் நிற்கவில்லை, அடுத்த சுரங்கத்துக்குத் திரும்பின. ஒரு பள்ளத்தாக்கின் புகை பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போயிற்று, அவ்வளவுதான். ஒரு நாடு மட்டும் வழியை அடைத்தாலும் இதுவே நடக்கும்.

நேரமாகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மலைக் கொரில்லாக்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா மலையில் போர் நடந்த வருடங்களிலும் வனக் காவலர்கள் எல்லை தாண்டித் தொடர்பு வைத்திருந்தார்கள். கொரில்லாக் கணக்கெடுப்பையும் சேர்ந்தே செய்கிறார்கள். ருவாண்டாவில் பயணிகள் தரும் கட்டணத்தில் ஒரு பங்கு சுற்றுக் கிராமங்களுக்குப் போகிறது. மலைக் கொரில்லாக்கள் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அழிவின் விளிம்பு என்ற நிலையிலிருந்து 2018இல் ஒரு படி மேலேறின. நன்றி, வணக்கம்.