ஆஷ்வெல் கோபுரத்தின் வடக்குச் சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

லண்டனுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, ஹர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் ஓரத்தில் ஆஷ்வெல் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர் நடுவே பொங்கும் ஊற்றுநீர் சிற்றாறாகி, கேம்பிரிட்ஜ் வழியே ஓடும் கேம் ஆற்றில் போய்ச் சேர்கிறது. 1086-ல் வில்லியம் மன்னர் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது இதை நகரம் என்றே குறித்தார்கள். இன்று கிராமம்தான். ஆனால் அங்குள்ள புனித மரியாள் ஆலயத்தின் கோபுரம் 176 அடி உயரம். சுற்றிலும் வயல்வெளி என்பதால் வெகுதூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும்.

பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் இது. அமைப்பு எளிதுதான். கிழக்கே பலிபீடம் இருக்கும் பகுதி, நடுவில் மக்கள் கூடும் மண்டபம், மேற்கே கோபுரம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பலிபீடப் பகுதியைப் பராமரிப்பது பங்குக் குருவின் பொறுப்பு, மண்டபத்தைப் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு. ஒரே கூரையின் கீழ் இரண்டு கணக்குப் புத்தகம். அதனால்தான் பல கிராமத்து ஆலயங்களில் ஒரு பாதி பகட்டாகவும் மறு பாதி எளிமையாகவும் நிற்கும்.

ஆஷ்வெல்லின் சிறப்பு அதன் கல்லில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கிடைத்த சுண்ணப்பாறைக்கு அவ்வூர்க்காரர்கள் கிளஞ்ச் என்று பெயர் சொல்வார்கள். சாக்கட்டியைவிடக் கொஞ்சம் இறுகியது, அவ்வளவுதான். உளி வைத்தால் சொன்னபடி கேட்கும். வெளியே மழையும் உறைபனியும் அதை அரித்துவிடும். கோபுரத்துக்குத் திரும்பத் திரும்பச் செப்பனிடும் வேலை வந்ததற்குக் காரணம் அதுதான். உள்ளே, மழை படாத இடத்தில், அந்தக் கல் வேறொரு வேலை செய்தது. கையில் கூரான எதையாவது வைத்திருந்த எவரும் அதில் எழுதலாம் என்றாகிவிட்டது. எழுதினார்கள்.

கோபுரத்தின் அடித்தளத்துக்குள் நுழைந்து வடக்குச் சுவரைப் பாருங்கள். நேராகப் பார்த்தால் வெறும் வெளிறிய கல். கைவிளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால், கீறல்களின் ஓரத்தில் நிழல் விழுந்து எழுத்துகள் எழுந்து நிற்கும். நான் முதல் முறை அப்படிப் பிடித்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

லத்தீன் மொழியில் சில வரிகள். ஏறக்குறைய இப்படித் தமிழாக்கலாம்: "ஆயிரம், மும்முறை நூறு, ஐம்முறை பத்து. இரங்கத்தக்கது, மூர்க்கமானது, கொடியது. மக்களில் கடையரே சாட்சி சொல்ல மிஞ்சினர்." கூட்டிப் பார்த்தால் 1350.

அது என்ன ஆண்டு? 1348 கோடையில் தென்கடற்கரைத் துறைமுகம் ஒன்றின் வழியாகக் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், பாதிப்பேர் வரைகூட, மாண்டுபோனார்கள். நோயாளிகளின் படுக்கையருகே போய் இறுதிச் சடங்கு செய்ய வேண்டியிருந்த குருமார்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அந்த ஆண்டைத்தான் இந்தச் சுவர் சொல்கிறது.

இதில் என்னை அசைப்பது "கடையர்" என்ற சொல். நல்லவர்கள் போய்விட்டார்கள், மிஞ்சியது நாங்கள்தான் என்கிறார் எழுதியவர். தம்மையும் அதில் சேர்த்துக்கொண்டுதான் எழுதுகிறார். பிழைத்ததில் பெருமை இல்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. உறவை எல்லாம் பறிகொடுத்து வீட்டில் தனியாக மிஞ்சிய ஒருவரிடம் பேசியிருந்தால் இந்தக் குரல் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, இது செய்யுள். லத்தீன் மூலத்தின் முதல் வரியில் "பென்டா" (ஐம்முறை) என்று வருவதும் "வயலென்டா" (கொடியது) என்று முடிவதும் நம் யாப்பில் இயைபு என்போமே, அதே மாதிரி. ஊரே செத்துக்கிடந்த காலத்தைப் பற்றி எழுதும்போதும் ஓசையை ஒழுங்குபடுத்தியிருக்கிறார். பெயரை மட்டும் எழுதவில்லை.

அதோடு முடியவில்லை. "கடைசியில் ஒரு பெருங்காற்று, இவ்வாண்டு மவுரஸ் உலகில் முழங்குகிறான், 1361" என்று தொடர்கிறது. ஜனவரி 15 புனித மவுரஸின் திருநாள். அன்று வீசிய புயலில் கிழக்கு இங்கிலாந்தின் நார்விச் நகரப் பேராலயத்தின் கூர்கோபுரம் முறிந்து விழுந்தது. வடகடலின் மறுகரையில் கடல் ஊர்களுக்குள் புகுந்தது. நம் கணக்கில் அது 1362. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும் என்பதால் சுவரில் 1361. அதே 1361-ல் கொள்ளைநோய் திரும்பி வந்து, பிள்ளைகளை அதிகம் கொண்டுபோனது. ஒரு தலைமுறைக்குள் மூன்று அடி.

கட்டடக்கலை ஆய்வாளர்களுக்கு இந்த வரிகள் இன்னொரு விதத்திலும் உதவுகின்றன. எழுத்து இருந்தால் அதைத் தாங்கும் சுவர் அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படியென்றால் கோபுரத்தின் அடிப்பகுதி இந்த வரிகள் எழுதப்பட்ட காலத்திலேயே எழுந்துவிட்டது.

ஆலயம் முழுக்க இப்படிக் கீறல்கள். ஒரு தூணில் வேலை தெரிந்த ஒருவரின் கோபம்: "மூலைகளைச் சரியாகப் பொருத்தவில்லை, துப்புகிறேன்." எதிரே இருந்த வேலையைப் பார்த்து வயிறெரிந்த மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அப்புறம் அந்தக் கோபுரச் சுவரிலேயே ஒரு படம். சாளரங்களும் தாங்குசுவர்களுமாக ஒரு பேராலயத்தைக் கோடு கோடாக இழைத்திருக்கிறார்கள். லண்டனின் பழைய புனித பவுல் பேராலயம் என்பது பெரும்பாலோர் முடிவு. அந்தப் பேராலயத்தின் கூர்கோபுரம் 1561-ல் இடிவிழுந்து எரிந்தது. மிச்சமிருந்ததை 1666 பெருந்தீ கொண்டுபோனது. இன்று லண்டனில் நிற்பது அதற்குப் பிறகு கட்டியது. பழையதை நேரில் பார்த்த ஒருவரின் கைக்கோடுகள் இந்தக் கிராமத்துச் சுவரில் இருக்கின்றன.

யாராவது அந்தப் பக்கம் போனால் ஒரு கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள். பக்கவாட்டில் பிடியுங்கள். விரலால் மட்டும் தடவிப் பார்த்துவிடாதீர்கள். கல் அவ்வளவு மென்மையானது. வணக்கம்.