"எட்டு மாசமாச்சு, அட்டர்னி இன்னும் கேஸே போடலையே?" – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, சான் ஹோசேல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. படிச்சிடுறேன். "அப்பா, அம்மா விசிட்டர் விசாவுல வந்திருந்தாங்க. காலைல வாக்கிங் போன அப்பாவை கிராஸ்வாக்ல ஒரு கார் இடிச்சிடுச்சு. நடக்கிறவங்களுக்கான சிக்னல் அன்னிக்கு எரியலை. முழங்கால்ல ஆபரேஷன். அட்டர்னி வச்சு எட்டு மாசமாச்சு, இன்னும் கோர்ட்டுல கேஸ் போடலை. கேட்டா 'ப்ரீ-லிட்ல இருக்கு'ங்கிறாரு. அப்பா கோயம்புத்தூர் திரும்பிட்டாரு. எங்களை ஏமாத்துறாங்களா?"

கேஸ் போடலைங்கிறதை மட்டும் வச்சு அப்படிச் சொல்ல முடியாது தம்பி. நம்ம ஊர்ல வக்கீல்னாலே கேஸ் போடணும், வாய்தா வாங்கணும். இங்க கலிஃபோர்னியாவுல ஆக்சிடென்ட் ஃபைல்ல பெரும்பாலானது கோர்ட் வாசலை மிதிக்காமலே முடிஞ்சிடும். அந்தக் கோர்ட்டுக்கு முந்தின, இன்சூரன்ஸ் கம்பெனியோட பேசித் தீர்க்கிற கட்டம்தான் ப்ரீ-லிட் (ப்ரீ-லிட்டிகேஷன்). நான் முழுநேரமும் பார்க்கிற வேலையே அதுதான்.

எட்டு மாசமா என்ன பண்றாங்க? பாதி நாள் காத்துக்கிட்டு இருக்கோம். சிரிக்காதீங்க, அதுதான் வேலையே. உங்கப்பா கால் எந்த அளவுக்குச் சரியாகும்னு டாக்டர் சொல்லாம விலை பேசக்கூடாது. நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு அம்மா வந்தாங்க. இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர், அதாவது எவ்வளவு கொடுக்கலாம்னு கணக்குப் பார்க்கிற கம்பெனி ஆளு, போன்ல பாசமா பேசியிருக்காரு, 1,500 டாலர் செக்கும் அனுப்பிட்டாரு. இவங்களும் ரிலீஸ்ல, அதாவது 'இதுக்கு மேல எதுவும் கேட்க மாட்டேன்'ங்கிற பேப்பர்ல, கையெழுத்துப் போட்டுட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு எம்.ஆர்.ஐ. எடுத்தா, தோள்ல தசைநார் கிழிஞ்சிருக்கு. அந்த ரிலீஸை நாலு தடவை படிச்சேன். ஒரு ஓட்டை கிடைக்கலை.

சிகிச்சை ஒரு நிலைக்கு வந்ததும், இவ்வளவு நஷ்டஈடு வேணும்னு கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு டிமாண்ட் லெட்டர் போகும். அதோட போலீஸ் ரிப்போர்ட், ஸ்கேன், பில்லு எல்லாம் போகும். ஆனா அட்ஜஸ்டரை நிறுத்திப் படிக்க வைக்கிறது வேற. ஒரு ஃபைல்ல, காயம்பட்டவரோட மனைவி தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளுக்குப் பின்னாடி எழுதி வச்சிருந்தாங்க: "இன்னைக்கும் பாத்ரூமுக்கு நான்தான் தூக்கிவிட்டேன். அவர் அழுதார்." அதை முறையா மொழிபெயர்த்து, அசல் தாளோட போட்டோவையும் சேர்த்து அனுப்பினோம். உங்கம்மாவையும் எழுதச் சொல்லுங்க. ஊர்ல பிசியோதெரபி பண்ணினா துண்டுச்சீட்டு வாங்காதீங்க. லெட்டர்ஹெட்ல, தேதி போட்டு, சீல் வச்சு வாங்குங்க. ரெண்டு மாசம் சிகிச்சைக்கே போகலைன்னா, "அப்ப வலி இல்லைதானே"ன்னு அட்ஜஸ்டர் கேட்பாரு.

விசிட்டர் விசாங்கிறதால உரிமை ஒண்ணும் குறையாது. செட்டில்மென்ட் பேப்பர்ல ஊர்ல இருந்தே கையெழுத்துப் போடலாம். கேஸ் போட்டாத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் உங்கப்பாவை மணிக்கணக்கா விசாரிப்பாரு. ஃபீஸும் ஏறும். வழக்கமா ப்ரீ-லிட்ல முடிஞ்சா வர்ற தொகையில மூணுல ஒரு பங்கு, கேஸ் போட்டா 40 சதவீதம். உங்க அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்க.

இன்னொண்ணு, இடிச்சவர்கிட்ட எவ்வளவு இன்சூரன்ஸ் இருக்கு? இங்க ஒரு ஆளுக்கான குறைந்தபட்ச கவரேஜ் ரொம்ப காலமா 15,000 டாலர்தான். 2025 ஜனவரியிலதான் 30,000 ஆச்சு. முழங்கால் ஆபரேஷனுக்கு அது எந்த மூலைக்கு? அந்த மாதிரி இடத்துல, "பாலிசி தொகை முழுசையும் கொடு"ன்னு கெடு வச்சு டிமாண்ட் அனுப்புவோம். ஈமெயில்ல அனுப்பினா குறைஞ்சது 30 நாள் கொடுக்கணும். நியாயமில்லாம மறுத்தா, பின்னாடி பாலிசிக்கு மேல உள்ளதும் கம்பெனி தலையில விழலாம். அந்தப் பயம்தான் நம்ம கையில இருக்கிற பிடி. பணம் வந்தப்புறம் ஆஸ்பத்திரியோட உட்கார்ந்து பில்லைக் குறைக்கிற வேலை வேற இருக்கு. அதை யாரும் வெளியில பேசுறதில்லை. கிளையன்ட் கையில நிக்கிற காசு பாதி அங்கதான் முடிவாகுது.

ஆனா தம்பி, உங்க கேள்வியில ஒரு வரி என்னை உறுத்துது. "சிக்னல் எரியலை"ன்னு போகிற போக்குல எழுதியிருக்கீங்க. கார்க்காரர் மேல கேஸ் போட விபத்து நாள்ல இருந்து ரெண்டு வருஷம் இருக்கு, அதுக்குப் பதற வேண்டாம். சிக்னல் சிட்டியோடதுன்னா கணக்கே வேற. அரசாங்க அமைப்பு மேல ஆறு மாசத்துக்குள்ள எழுத்துல க்ளைம் கொடுக்கணும். உங்களுக்கு எட்டு மாசம் ஓடிடுச்சு. கொடுத்திருந்தா நல்லது. கொடுக்கலைன்னா, ஒரு வருஷத்துக்குள்ள "தாமதமா ஏத்துக்கோங்க"ன்னு விண்ணப்பிக்க வழி இருக்கு. ஆனா தாமதத்துக்குக் காரணம் சரியா இருக்கணும். "கேஸ் ஏன் போடலை"ன்னு கேட்காதீங்க. "சிட்டிக்கு க்ளைம் கொடுத்தாச்சா, காப்பி அனுப்புங்க"ன்னு இன்னிக்கே உங்க அட்டர்னிக்கு ஒரு ஈமெயில் போடுங்க.