பேதியை நிறுத்த மாத்திரை போட்டால் முதுகு பிடிக்குமா?

நேயர்களுக்கு வணக்கமுங்க. "வயித்தால போகுதுன்னு மாத்திரை போட்டனுங்க, இப்ப குனிய முடியாம முதுகு புடிச்சுக்குச்சு, மாத்திரை பண்ணுன வேலையா?" இது மருந்துக்கடை வாசலில் அடிக்கடி கேட்கிற கேள்வி. எந்த மாத்திரை, போட்டு எத்தனை நாளில் பிடித்தது, இந்த இரண்டும் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பேதியைக் கட்ட வாங்குவது பெரும்பாலும் லோபெரமைடு, 2 மில்லிகிராம். குடலின் அசைவை மட்டுப்படுத்துகிற மருந்து. மலச்சிக்கல், வயிற்று இழுப்பு, குமட்டல், தலைசுற்றல் வரலாம். முதுகு விறைப்பு அதன் வழக்கமான பக்கவிளைவு அல்ல. பெரியவர்களுக்கு முதலில் 2 மாத்திரை, பிறகு தண்ணியாகப் போகும் ஒவ்வொரு முறைக்கும் 1 மாத்திரை. டாக்டர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 4 மாத்திரை தாண்டக்கூடாது, தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் அடித்தாலோ இதைத் தொடவே வேண்டாம்.

கூடவே வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஓரிரு நாளுக்குள், இளவயதினருக்கும் குழந்தைகளுக்கும் அதிகமாக, கழுத்து ஒரு பக்கம் திருகும், தாடை இறுகும், கண் மேலே செருகும், முதுகு வில்லாக வளையும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவதும் உண்டு. ஆஸ்பத்திரியில் மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே தளர்ந்துவிடும். போட்ட மருந்தின் பேர் அங்கே தெரிய வேண்டும். கடையில் கத்தரியால் நறுக்கித் தருகிற 2 மாத்திரைத் துண்டில் பேரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. பில்லில் எழுதி வாங்குங்க.

பேதிக் கிருமியைக் கொல்லத் தருகிற ஆஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் தசைநாண்களை, அதாவது தசையை எலும்போடு கட்டுகிற நாரை, பாதிக்கலாம். வலி பெரும்பாலும் குதிகாலுக்கு மேலே வரும். யாராக இருந்தாலும், குறிப்பாக 60 வயது கடந்தவர்களும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும், வலி தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கணும்.

மருந்தே காரணமில்லாமலும் பிடிக்கும். பேதியில் உப்பும் பொட்டாசியமும் போய்விட்டால் தசை இழுக்கும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக 1 லிட்டர் தண்ணீரில் கரைக்கணும், 200 மில்லி டம்ளரில் 5. ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு ஏறி ஆபத்தாகும். மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்க. பொள்ளாச்சி இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு, அதனால் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது.

பலரும் கோட்டை விடுவது இதைத்தான்: பேதி நின்று 1 முதல் 4 வாரம் கழித்து அடிமுதுகு பிடிப்பது. சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் போன பிறகும் உடம்பின் எதிர்ப்பு அடங்காமல் மூட்டைத் தாக்குகிறது. விடியற்காலையில் இறுக்கம் அதிகம், எழுந்து நடமாடினால் குறையும். தறியில் நின்று வந்த இடுப்பு வலி இதற்கு நேர்மாறு, படுத்தால் தேவலையாகும். முழங்கால் வீக்கம், கண் சிவப்பு, மூத்திர எரிச்சல் சேர்ந்தால் டாக்டரிடம் அந்தப் பழைய பேதியையும் சொல்லுங்க. அவராகக் கேட்கத் தோணாமல் போகலாம்.

கால் மரத்து, படியேறத் தடுமாறி, பலவீனம் மேலே ஏறிக்கொண்டே வந்தால் அது வேறு. பேதிக்குப் பின் அரிதாக வரும் நரம்புத் தாக்குதலாக இருக்கலாம், மூச்சுத் தசை வரை போகும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.