அந்த முகம் போதும், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அறிவியல் திகில் படத்தில் பயத்தைத் தருவது பணமா, கற்பனையா? கற்பனைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் 1955இல் வந்த ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ என்ற பிரிட்டிஷ் படத்தை எடுத்துக்கொண்டார். “குடல்கறியையும் ரப்பரையும் சேர்த்துச் செய்த ஜந்துவைப் பார்த்து யார் பயப்படுவார்? காசில்லாமல் கெட்ட படம்” என்றார். அந்த ஜந்து முழுசாகத் தெரிவது கடைசியில், சில நிமிடம்தான். அதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் படம் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டார்?

படத்தைத் தயாரித்த ஹேமர் நிறுவனம் இதற்குச் செலவழித்தது சுமார் 42,000 பவுண்டு. விண்வெளிக்குப் போனவர்கள் மூன்று பேர். ராக்கெட் இங்கிலாந்தில் ஒரு வயலில் வந்து விழுகிறது. உள்ளே இருப்பது ஒரே ஆள். மற்ற இருவரின் விண்வெளி உடைகள் கிடக்கின்றன, அவற்றுக்குள் யாரும் இல்லை. அப்புறம், ராக்கெட்டுக்குள் இருந்த கேமரா பதிவு செய்ததைப் போட்டுப் பார்க்கிறார்கள். அதில் சத்தமே கிடையாது. வேலையில் இருந்த மூவரும் எதனாலோ தாக்கப்பட்டு ஒவ்வொருவராகச் சரிகிறார்கள். தாக்கியது எது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. இயக்குநர் வால் கெஸ்ட் படத்தையே செய்திப்படம் போல எடுத்ததால், நிஜமாக நடந்ததைப் பார்ப்பது போல நெஞ்சு அடைக்கிறது.

உயிரோடு திரும்பிய விக்டர் கரூனாக நடித்தவர் ரிச்சர்ட் வேர்ட்ஸ்வொர்த். அவருக்கு வசனம் இல்லையென்றே சொல்லலாம். ஒட்டிய கன்னம், குழிந்த கண். ஒப்பனைக் கலைஞர் ஃபில் லீக்கி அந்த முகத்தில் இருந்ததையே இன்னும் எடுப்பாக்கினார். உடலுக்குள் வேறொன்று வளர்ந்து, தானே அந்த ஜந்துவாக மாறிக்கொண்டிருப்பது அந்த மனிதனுக்குத் தெரிகிறது, தடுக்க முடியவில்லை. தண்ணீர்க் கரையில் ஒரு சின்னப் பெண் பொம்மையோடு அவனை விளையாடக் கூப்பிடுகிறாள். அவன் கை பொம்மையை உடைக்கிறது. குழந்தையைத் தொடாமல், தன்னையே இழுத்துக்கொண்டு ஓடுகிறான். அங்கே எனக்கு வருவது அந்த மனிதனுக்கான பயம். எத்தனை கோடி கொட்டினாலும் அந்த ஓட்டத்தை இதைவிட நன்றாக எடுக்க முடியாது.

“பணம் இருந்திருந்தால் ஜந்துவும் நன்றாக இருந்திருக்குமே” என்பார் நண்பர். இருந்திருக்கும். ஆனால் அதை முதல் அரை மணியிலேயே காட்டியிருப்பார்கள், இந்த முகம் நமக்குக் கிடைத்திருக்காது.

இந்தக் கதை 1953இல் பிபிசியில் நேரலைத் தொடராக வந்தபோது இதைவிட ஏழ்மை. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் புகைப்படத்தில் ஓட்டை போட்டு, கையுறை மாட்டிய கையை அதில் நுழைத்து ஆட்டினார்கள். அதுதான் ஜந்து! ஆட்டியவர் எழுத்தாளர் நைஜல் நீல். அவர் எழுதிய முடிவில், ராக்கெட்டை அனுப்பிய பேராசிரியர் குவாட்டர்மாஸ், ஜந்துவுக்குள் மிச்சமிருக்கும் மனிதர்களிடம் பேசி, அவர்களாகவே அதை அழிக்க வைக்கிறார். சினிமாவில் லண்டனின் மின்சாரத்தைத் திருப்பிவிட்டு அதை எரிக்கிறார்கள். என்னைக் கேட்டால், படம் சறுக்குவது அங்கேதான். பிரம்மாண்டத்துக்கு ஆசைப்பட்ட ஒரே இடமும் அதுதான். சரி, அந்தக் குறையை யார் கணக்கில் எழுதுவது? பணத்தின் பக்கம் நிற்பவர்கள் கணக்கில்தானே, நடுவர் அவர்களே!

அடுத்து எழுந்து பேசும் நண்பர், அந்தப் பொம்மைக் காட்சிக்கு எவ்வளவு பணம் தேவைப்பட்டது என்று சொல்லிவிட்டு மேலே பேசட்டும். நன்றி.