பூக்காரியின் இரண்டு வசனங்கள்

(கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே ஒரு கிராமத்து வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை, பின்னர் எழுத்தில் செப்பனிடப்பட்டது.)

அவையோருக்கு வணக்கம்.

நான் பேசப்போவது ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றி என்று செயலாளர் அறிவித்தபோது, பின்வரிசையில் எழுந்த சிரிப்பு மேடைவரைக்கும் கேட்டது. பணியிலிருந்த காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சங்கப் பாட்டு நடத்திய தமிழாசிரியை, ஓய்வு பெற்றதும் இரவு ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுத் தொடர் பார்க்கிறாள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனாலும் சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதே நேரத்தில் அதே தொடர்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். தெருவில் நடந்தால் ஒரே வசனம் வீட்டுக்கு வீடு தொடர்ந்து வருகிறது. தொடரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்த அரங்கம் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். நானோ இரண்டு கட்சியிலும் உறுப்பினர்.

தொலைக்காட்சி பார்ப்பதில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1985 ஜனவரி 1 அன்று திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கிய நாட்களில், எங்கள் ஓட்டு வீட்டின் மேல் நின்ற ஆண்டெனா வடமேற்கே பார்த்துத்தான் நின்றது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டே மலையாளச் செய்தியையும் மலையாள நாடகத்தையும் பார்த்து வளர்ந்தோம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கி, பிறகு கேபிள் கம்பி தெருத்தெருவாக வந்தபோது தமிழ்த் தொடர்களும் வந்து சேர்ந்தன. மலையாளத்தை மட்டும் நாங்கள் விட்டுவிடவில்லை. ஆகவே சென்னையிலோ சேலத்திலோ இருப்பவருக்குப் புதிதாகத் தோன்றும் தொடர் நமக்குப் பல நேரம் பழையதாக இருக்கிறது. வங்காளத்தில் 2019இல் ‘ஸ்ரீமயி’யாகத் தொடங்கிய கதை, 2020 ஜனவரியில் மலையாளத்தில் ‘குடும்பவிளக்கு’ ஆயிற்று. அதே ஆண்டு ஜூலையில் தமிழில் ‘பாக்கியலட்சுமி’ ஆயிற்று. கணவனின் பழைய காதலி எப்போது வீட்டுக்குள் வருவாள் என்று தமிழ்நாடே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே அடுத்த மாதத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிர்த்திசையிலும் இந்தப் போக்குவரத்து உண்டு. தமிழில் 2018இல் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’தான் 2020இல் மலையாளத்தில் ‘சாந்த்வனம்’ ஆகப் போயிற்று. இரண்டு மொழியும் அறிந்தவனுக்குச் சோறு இரட்டிப்பு, பசி பாதி.

இந்தப் பின்னணியில்தான் புதிய தொடரின் முன்னோட்டம் வந்தது. அது எந்த மொழித் தொடரின் மறுபதிப்பும் இல்லை. கதை நடப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். குடும்பம் தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் குடும்பம். என் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய என் அம்மை இருக்கிறாள். அவளுக்குக் காது மந்தம், கண் கூர்மை. முன்னோட்டத்தில் 133 அடி வள்ளுவர் சிலையைக் கண்டதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, “இது நம்ம கடலாக்கும்” என்றாள். அன்றைக்கே எனக்கு அந்தத் தொடர் பிடித்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொந்த ஊர் திரையில் தெரியும்போது அறிவு கொஞ்சம் பின்னால் நிற்பது எல்லோருக்கும் நேர்வதுதான்.

முதல் வாரத்துப் படப்பிடிப்பு அழகாகவே இருந்தது. விடியலுக்கு முன் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் தோவாளைச் சந்தையில் மூட்டை பிரிப்பதும், ஈரம் சொட்டச்சொட்டக் கிரேந்திப் பூவை வாரிக் கொட்டுவதும், ஓணத்துக்கு முந்திய நாட்களில் கேரளத்து வண்டிகள் வரிசை கட்டி நிற்பதும் கண்ணுக்கு நிறைவாக வந்திருந்தன. நிலவியல்தான் கொஞ்சம் தடுமாறியது. தோவாளை வீட்டிலிருந்து அழுதுகொண்டே ஓடிய கதாநாயகி அடுத்த காட்சியில் மாத்தூர் தொட்டிப் பாலத்தின் மேல் நின்றாள். 115 அடி உயரத்தில் பறளியாற்றைத் தாண்டிப் போகும் அந்தப் பாலம் மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது. நாகர்கோவிலில் பேருந்து மாறித்தான் போகவேண்டும். தலைமுடி கலையாமல் அவள் ஓடிச் சேர்ந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். சிரித்தோமே தவிர அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. கதைக்காக ஊரைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும் உரிமை கதை சொல்பவனுக்கு உண்டு.

பேச்சில் அந்த உரிமை கிடையாது என்பதே என் வழக்கு. அந்தக் குடும்பம் வாயைத் திறந்தால் மதுரைத் தமிழும் சென்னைத் தமிழும் கலந்து வருகிறது. அதன்மேல் உப்புத் தூவுவதுபோல வாக்கியத்துக்கு ஒரு ‘லே’ தூவப்பட்டிருக்கிறது. ‘லே’ என்பதை யார் யாரிடம் சொல்லலாம் என்பதற்கு நம்மிடையே எழுதப்படாத இலக்கணம் இருக்கிறது. ஒத்த வயதுப் பையன்களிடமும் இளையவனிடமும் சொல்வது. அந்தத் தொடரில் ஒரு தம்பி தன் மூத்த அக்காளைப் பார்த்து “என்னலே” என்கிறான். அப்படி ஒருவன் உண்மையில் சொல்லியிருந்தால் தொடர் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அம்மைக்குப் பாதி கேட்காது என்றாலும் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். மூன்றாம் நாள் என்னிடம் திரும்பி, “இவங்க எந்த ஊருக்காரங்க மக்ளே?” என்று கேட்டாள். பின்னால் தெரிவது தோவாளை மலை. முன்னால் நிற்பவர்கள் எந்த ஊர் என்று தெரியவில்லை. தொடர் பற்றி நான் படித்த விமரிசனங்களிலெல்லாம் இதைவிடத் துல்லியமான ஒரு வரியைக் காணவில்லை.

தொடர் எழுதுகிறவர்களின் இடர்ப்பாடும் எனக்குப் புரியாமல் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த நம் நான்கு தாலுகாக்களிலும் ஒரே பேச்சா இருக்கிறது? தோவாளைக்காரர் பேச்சில் திருநெல்வேலி வாடை அடிக்கும். விளவங்கோட்டில் பாதிச் சொல் மலையாளக் கரையில் நிற்கும். கடற்கரை ஊர்களின் பேச்சு தனி வேகம், தனி ராகம். ‘ஓர்மை’ என்றும் ‘சாடினான்’ என்றும் ‘கொள்ளாம்’ என்றும் வசனம் எழுதினால் ஈரோட்டில் இருப்பவருக்கு விளங்குமா என்று கேட்பார்கள். விளங்கும் என்பதே என் பதில். கோவைப் பேச்சும் மதுரைப் பேச்சும் நமக்கு யாரும் பாடம் எடுத்து வந்தவை அல்லவே. திரையில் கேட்டுக் கேட்டுத்தான் பழகினோம். அந்த வாய்ப்பை நம் பேச்சுக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன?

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. தேங்காய் அரைக்காத, மரச்சீனிக்கிழங்கு வேகாத, மீன் வாசம் படாத அந்த அடுக்களையில் நாற்பது நாளாக இட்லி மட்டுமே அவிகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கதையின் முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு தென்னந்தோப்புப் பத்திரத்துக்காக மாமியாருக்கும் மருமகளுக்கும் நடக்கும் சண்டைதான் கதை. எந்த ஊரிலும் நடக்கக்கூடிய சண்டை என்பதால் அதைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஊருக்கென்றே ஒரு சொத்துச் சண்டை இருந்ததே என்ற ஏக்கம் எனக்கு. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒருகாலத்தில் மகனுக்குச் சொத்தில்லை, மருமகனுக்கு, அதாவது அக்காள் தங்கை மகனுக்கே சொத்து என்ற முறை இருந்ததும், திருவிதாங்கூர் அரசு 1926இல் சட்டம் கொண்டுவந்து அதை மாற்றியதும் இங்கே பலருக்குத் தெரியும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த முறையை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்று நகைச்சுவையாகவே பாடிவைத்தார். கதை சொல்பவள் ஒருவனுக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்ட பெண். மாமியார் கொடுமை, சக்களத்திச் சண்டை, நீதிமன்ற வழக்கு, வெளியே சொல்ல முடியாத பசி எல்லாம் அதில் இருக்கின்றன. ஆயிரம் நாள் ஓட்டலாம். இத்தனை பெரிய களஞ்சியத்தின் வாசலில் படக்கருவியை நிறுத்திவைத்துவிட்டு, கதையை மட்டும் வெளியூரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்களே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஊரும் மறைந்துவிட்டது. வெளிப்புறப் படப்பிடிப்புக்குச் செலவு அதிகம். நாள்தோறும் ஒரு பகுதியை முடித்துக் கொடுத்தாகவேண்டும். ஆகவே எல்லாத் தொடரும் சில வாரங்களில் ஒரு வாடகை பங்களாவின் கூடத்துக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே கதை இருக்கும். அதிலும் முதல் நாள் நடந்ததும் மறுநாள் நடக்கப்போவதும் பங்கு கேட்கும். மீதியில் ஒரு கதவு திறக்கும், ஆறு முகங்கள் மூன்று முறை திரும்பும். நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில், யார் எதைப் பார்க்கிறார்கள் என்று பதிவதற்காகப் பொருத்திய கருவிகளின் கணக்கு வியாழக்கிழமைதோறும் வெளியாகி எந்தக் கதை வாழும், எது சாகும் என்று முடிவு செய்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கருவி இல்லை. ஆகவே அம்மை பார்ப்பதும் பார்க்காததும் யார் கணக்கிலும் வராது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் இன்னும் பார்க்கிறாய் என்று கேட்பீர்கள். நான்காம் வாரத்து ஒரு காட்சிக்காகப் பார்க்கிறேன். ஓணத்துக்கு முந்திய இரவு. மூத்த மருமகள் திண்ணையில் வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு பிச்சிப்பூ கட்டுகிறாள். பக்கத்தில் கடையின் கணக்கு நோட்டு விரிந்து கிடக்கிறது. விரல்கள் பூவை இரண்டிரண்டாக எடுத்து அடுக்கி முடிச்சிட, கண் மட்டும் நோட்டில் இறங்குகிறது. ஒரு வரியில் நின்றுவிடுகிறது. தன் நகையைக் கணவன் அடகு வைத்திருக்கிறான் என்பது அந்த வரி. இடி இடிக்கவில்லை, முகத்தை மூன்று முறை காட்டவில்லை, பின்னணியில் யாரும் ஆலாபனை செய்யவில்லை. விரல்கள் ஒரு முடிச்சுக்கு மட்டும் நின்றன. பிறகு நாரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கி இழுத்து மறுபடியும் கட்டத் தொடங்கின. பூ கட்டும் கை நிற்காது என்பதைப் பூ கட்டுகிறவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒருவர்தான் அதை எடுத்திருக்கமுடியும். அந்த இயக்குநருக்காக நான் அந்த ‘என்னலே’யைக்கூட மன்னிக்கத் தயார்.

அதே காட்சியின் முடிவில் ஒரு வயதான பூக்காரி படியேறி வருவாள். பெயர் போடாத சிறு வேடம். நம் பக்கத்துப் பெண் ஒருத்தியை அப்படியே கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவளுக்கு இரண்டே வசனம். “இன்னைக்கி பிச்சி போன வெலையக் கேட்டா வெப்ராளமா வருது மக்ளே” என்றாள். பிறகு அந்த மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ எதையாங்கிலும் தின்னியா பிள்ளே?” என்றாள். அம்மை வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டாள். “இவ நம்ம பக்கத்துக்காரியாக்கும்” என்று என் தோளைத் தட்டிச் சொன்னாள். மந்தமான அந்தக் காதுக்கு அது எப்படிக் கேட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதன்பின் அந்தப் பூக்காரி இன்னும் ஒரே ஒரு நாள் வந்தாள். பேசவில்லை, கூடையோடு கடந்து போனாள். கதை பங்களாவுக்குள் போய்விட்டதால் பூக்காரிக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அம்மை நாள் தவறாமல் கேட்கிறாள், “அந்தப் பூக்காரி இன்னைக்கி வருவாளா?” என்று. வருவாள் என்று நானும் சொல்லி வைக்கிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மணி எட்டே முக்கால். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து தொலைக்காட்சியைப் போட்டுக் கொடுத்திருப்பாள், அம்மை உட்கார்ந்திருப்பாள். இன்றைய பகுதியை நான் பார்க்க முடியாது. பூக்காரி வந்தாளா என்று போய்க் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.