30 லேப் ஓட்டிட்டு வீட்டுக்குப் போற காருக்கு எதுக்குங்க 30 லட்சம்?

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க. இன்னிக்கு கார்லயே உக்காந்து பேசுறேன், எனக்குப் பின்னாடி ஒரு பெரிய சுவரு மாதிரி தெரியுது பாருங்க, அதான் சார்லட் மோட்டார் ஸ்பீட்வே, அமெரிக்கால இருக்கற ஒரு கார் ரேஸ் கிரவுண்டு. பேருதான் சார்லட், இருக்கறது பக்கத்துல கான்கார்ட்ல, நம்ம ஊர்ல ஏர்போர்ட் ஒரு பேர்ல இருக்கும் இடம் வேற பஞ்சாயத்துல இருக்கும்ல அந்த மாதிரி. போன வீடியோல நாஸ்கார், அதான் அமெரிக்காவோட பெரிய கார் ரேஸ் அமைப்பு, அதப் பத்தி பேசுனப்ப ஒருத்தர் கேட்டிருந்தார், "ப்ரோ பழைய ரேஸ் ரிசல்ட் எடுத்துப் பாத்தா கடைசி நாலஞ்சு காருக்கு நேரா வைப்ரேஷன், பிரேக், ஓவர்ஹீட்டிங்னு போட்டிருக்கு, அதுவும் வாராவாரம் அதே கார், அவங்களுக்கு மட்டும் மெக்கானிக்கே கிடைக்கலயா"ன்னு. செம கேள்விங்க. அதுக்குத்தான் இன்னிக்கு வீடியோ.

நான் இந்த ஊருக்கு வந்த புதுசு, 2011, ஆபீஸ்ல ஒருத்தர் டிக்கெட் குடுத்தார்னு இதே கிரவுண்டுக்கு வந்தேன். வாசல்ல ஸ்கேனர்னு ஒண்ணு வாடகைக்குக் குடுப்பாங்க, ஹெட்போன் மாட்டிக்கிட்டா டிரைவரும் டீமும் ரேடியோல பேசிக்கிறத நம்ம உக்காந்த இடத்துல இருந்தே கேக்கலாம், கூடவே எந்த நம்பர் காருக்கு எந்த ஃப்ரீக்வென்சி, ஓட்டறது யாருன்னு ஒரு பேப்பரும் குடுப்பாங்க. எனக்கு பெரிய டிரைவர் யாரு சின்ன டிரைவர் யாருன்னு ஒரு மண்ணும் தெரியாது, அதனால சும்மா ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி கேட்டுட்டு இருந்தேன், 43 கார் ஓடுது, காது கிழியுது, ஒரு 30 லேப், அதாவது 30 சுத்து தாண்டியிருக்கும், ஒரு சேனல்ல போய் நின்னா சத்தமே இல்ல. ஸ்கேனர் கெட்டுப்போச்சோன்னு தட்டிப் பாக்குறேன். அடுத்த சேனலுக்குப் போனா நல்லா கேக்குது, திரும்பி வந்தா கப்சிப். பக்கத்து சீட்டுல ஒரு வெள்ளக்கார தாத்தா, சிரிச்சுட்டு கராஜ் பக்கம் கைய காட்டுறார். பாத்தா அந்த காரு ஒரு கீறல் கூட இல்லாம உள்ள நிக்குது, ஒருத்தர் டூல் பாக்ஸ பொறுமையா மூடிட்டு இருக்கார். ரேஸுக்கு இன்னும் 300 லேப் பாக்கி! எனக்கு சட்டுனு காலேஜ்தான் ஞாபகம் வந்துச்சு, ஃபர்ஸ்ட் அவர் அட்டென்டன்ஸ் போட்டுட்டு பின் கேட்ல எஸ்கேப் ஆவோம்ல, அதே கதை.

இதுக்குப் பேரே ஸ்டார்ட் அண்ட் பார்க்குங்க. ஸ்டார்ட் பண்ணு, கொண்டு போய் நிறுத்து, அவ்ளோதான்.

ஏன் இப்படி பண்ணாங்கன்னா கணக்குதான். 2010 வாக்குல நாஸ்காரோட டாப் லெவலான கப் சீரிஸ்ல ஒரு சாதாரண ரேஸ்ல கடைசி எடத்துக்கு வந்தாலே சுமாரா 60, 65 ஆயிரம் டாலர் கைக்கு வரும், அன்னிக்கு ரேட்டுக்கு நம்ம ஊர் காசுல 30 லட்சம்னு வைங்க. கப்லயே பெரிய ரேஸான டேடோனா 500ல கடைசியா வந்தா ரெண்டரை லட்சம் டாலருக்கும் மேல! சரி இப்ப செலவ பாப்போம். டயர் ஒரு செட் சுமாரா 2,000 டாலர், முழு ரேஸ் ஓட்டுனா எட்டு பத்து செட் வேணும், அதுவே ஒரு 20 ஆயிரம் போச்சு. டயர் மாத்த, பெட்ரோல் ஊத்த பிட் க்ரூ வேணும், அவனுங்களுக்கு சம்பளம், ஃப்ளைட், ஹோட்டல், சாப்பாடு. எஞ்சின் 500 மைல் கதறிக் கதறி ஓடுச்சுன்னா அதக் கழட்டி ரீபில்ட் பண்ணணும், அது பல பத்தாயிரம் டாலர் சமாச்சாரம். இவ்வளவும் பண்ணி, ஸ்பான்சர் இல்லாத பழைய கார வச்சு, உயிரக் குடுத்து ஓட்டுனா எங்க வருவீங்க, 34, 35ன்னு வருவீங்க. அந்த எடத்துக்கும் கடைசி எடத்துக்கும் நடுவுல இருக்கற காசு வித்தியாசம் ரொம்பக் கம்மி, செலவுல கால்வாசி கூட தேறாது. அப்ப முழுசா ஓட்டறவன் நஷ்டத்துல வீட்டுக்குப் போறான், ஒரே செட் டயர்ல 30 லேப் ஓட்டிட்டு நிறுத்தறவன் லாபத்துல போறான். இந்தக் கணக்கப் போட்டது ஏழை டீம் இல்லங்க, பரிசுப் பணத்த அப்படிப் பிரிச்சு வச்சது நாஸ்கார். திட்டறதா இருந்தா மொதல்ல அங்க திட்டுங்க.

இதுல காமெடி என்னன்னா, நிறுத்தறதுலயும் ஒரு போட்டி இருக்கும். மொதல்ல நிறுத்தறவன் 43வது, அடுத்தவன் 42வது, ஒவ்வொரு எடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் காசு ஏறும், அதனால அவன் உள்ள போறானான்னு இவன் பாக்கறது, இவன் போறானான்னு அவன் பாக்கறது. உள்ள போனா காரணம் சொல்லணும்ல, அங்கதான் வைப்ரேஷன் வரும். ரிசல்ட்ல போடற காரணத்துலயே ரொம்ப வசதி அதுதான், பிரேக் போச்சுன்னா கழட்டிக் காட்டலாம், வைப்ரேஷன யாருக்குக் காட்ட முடியும் சொல்லுங்க, டிரைவர் உடம்புக்குத்தான தெரியும்.

சரி அப்ப இவங்க மேல தப்பே இல்லையான்னா, இருக்கு. இங்கதான் எனக்கும் கொஞ்சம் கோவம் வரும். 2005ல இருந்து 2012 வரைக்கும் பாயின்ட்ஸ்ல முதல் 35 எடத்துல இருக்கற காருக்கு ரேஸ்ல எடம் கேரண்டி, மீதி இருந்த எட்டு எடத்துக்குத்தான் அடிதடி. இப்ப ஒரு சின்ன டீம் எப்படியோ ஊர்ல நாலு கடைக்காரங்ககிட்ட காசு தேத்தி, முழு ரேஸும் ஓட்டணும்னு வரான், இன்னொருத்தன் 30 லேப்ல கிளம்பறதுக்குன்னே வரான், அவனுக்கு எஞ்சின் 500 மைல் தாங்குமான்ற கவலையே இல்ல, ரேஸுக்கு முன்னாடி எடம் புடிக்க நடக்கற குவாலிஃபையிங்ல வேகமா ஒரு சுத்து போட்டு எடத்தப் புடிச்சுடுவான், ஓட்ட வந்தவன் லாரில ஏத்திட்டு ஊருக்குப் போயிடுவான். இத ஒரு தொழிலாவே நடத்துன டீம் இருந்துச்சு, பிரிசம் மோட்டார்ஸ்போர்ட்ஸ்னு, அதுல ஒரு ஓனர் ஃபில் பார்சன்ஸ், 1988ல டல்லடேகா கிரவுண்டுல ஜெயிச்ச டிரைவர், டிவில ரேஸ் கமென்டரியும் குடுத்தவர். (அதே பார்சன்ஸ் டீமுக்குத்தான் 2014ல ரெடிட் வெப்சைட் பசங்க டோஜ்காயின்ற கிரிப்டோ காசுல 55 ஆயிரம் டாலர் வசூல் பண்ணிக் குடுத்து, டல்லடேகால டிரைவர் ஜாஷ் வைஸ் கார்ல அந்தக் காசோட சின்னமான நாய்க்குட்டி படத்த ஓட விட்டாங்க, அது தனி வீடியோவுக்கான கதை.)

ஆனா எல்லாரையும் ஒரே தராசுல போடாதீங்க. டாமி பால்ட்வின்னு ஒருத்தர், 2002 டேடோனா 500 ஜெயிச்ச வார்ட் பர்டனுக்கு க்ரூ சீஃப், அதாவது டீம் மெக்கானிக்குங்களுக்குத் தலைவர், 2009ல பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரத்துல சொந்தமா டீம் ஆரம்பிச்சார். காசு தீந்துச்சு, நிறுத்த ஆரம்பிச்சார். நிறுத்தி நிறுத்தி சேத்த காசுல கொஞ்சம் கொஞ்சமா முழு ரேஸ் ஓட்ட ஆரம்பிச்சாங்க. 2012 டேடோனா 500 ஞாபகம் இருக்கா, மழையால முதல் தடவையா திங்கக்கிழமை ராத்திரிக்குத் தள்ளிப் போச்சே, 160வது லேப்ல, எல்லாரும் மெதுவா போகணும்னு மஞ்சக் கொடி காட்டுன நேரத்துல, டிரைவர் மொன்டோயா கார்ல ஏதோ உடைஞ்சு, டிராக்க காயவைக்கற ஜெட் எஞ்சின் லாரி மேல போய் மோதி, மொத்த ரோடும் தீப்புடிச்சு எரிஞ்சுச்சே! ரெண்டு மணி நேரம் ரேஸ் நின்னுச்சு. அப்ப முதல் எடத்துல நின்னது யார் காருங்கறீங்க? டாமி பால்ட்வினோட 36ம் நம்பர், ஓட்டுனது டேவ் பிளேனி. பாதிக்கு மேல ஓடியாச்சு, அப்ப மட்டும் ஒரு மழை வந்து ரேஸ அங்கயே முடிச்சிருந்தா அவர்தான் டேடோனா 500 சாம்பியன். மழை வரல. 15வதா வந்தார். எனக்கு இன்னும் அந்த மழை மேல கோவம்தான். டேவோட பையன் ரயன் பிளேனி 2023ல கப் சாம்பியனே ஆயிட்டான், அது ஒரு ஆறுதல்.

இன்னொரு அப்பா பையன் கதை, ஜோ நெமச்செக். 1992ல கப்புக்கு அடுத்த கட்டமான புஷ் சீரிஸ்ல சாம்பியன், கப்ல நாலு ரேஸ் ஜெயிச்சவர், அவரு 2009ல இருந்து சொந்த 87ம் நம்பர் கார கப்ல வாராவாரம் கொண்டு வந்து நிறுத்துனார், அந்த காச எடுத்துட்டு போய் அடுத்த கட்ட சீரிஸ்ல தன்னோட கார முழுசா ஓட்டுனார். ஞாயித்துக்கிழமை கப்ல அவமானப்பட்டு, சனிக்கிழமை அடுத்த கட்ட ரேஸ்ல மரியாதையா ஓட்டற பொழப்பு. அப்பறம் 2017ல நாஸ்காரோட டிரக் ரேஸ் சீரிஸ்ல பையன் ஜான் ஹன்டர் 8ம் நம்பர் ஓட்டறான், அப்பா 50 வயசு தாண்டி 87ம் நம்பர்ல ஏறி, சில லேப் சுத்திட்டு கொண்டு போய் நிறுத்தறார், அந்தக் காசு பையனோட டயருக்கு. பையன் அந்த வருஷம் கேட்வே, ஐயோவா ரெண்டு ரேஸும் ஜெயிச்சான். நம்ம ஊர் அப்பாக்கள் ஓவர்டைம் பாக்கற கதைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

2016ல சார்ட்டர்னு கொண்டு வந்தாங்க, 36 காருக்கு நிரந்தர எடம், மொத்தம் 40 கார்தான், பணம் பிரிக்கற விதமும் மாறிடுச்சு, கப்ல இந்த சமாச்சாரம் அதோட அடங்கிருச்சு.

ஆங், ஒண்ணு சொல்லணும். 2008ல டெக்சாஸ் குவாலிஃபையிங்ல ஒரு கார் சுவத்துல அடிச்சு உருண்டு உருண்டு போச்சே, வீடியோ பாத்திருப்பீங்க, உள்ள இருந்து கையாட்டிட்டு இறங்கி வந்தவர் மைக்கேல் மெக்டவல். நல்ல வண்டி கை விட்டுப் போச்சு, அப்பறம் வருஷக்கணக்கா பார்சன்ஸ் டீம்ல ஓட்டி நிறுத்தற வேலை. எவன் கேலி பண்ணாலும் வாராவாரம் ஹெல்மெட்ட மாட்டிட்டு வந்தார். 2021 டேடோனா 500, கடைசி லேப்ல முன்னாடி போன லோகானோவும் கெஸலோவ்ஸ்கியும் மோதிக்கிட்டாங்க, பின்னாடியே தீயும் புகையும், இவரு சந்துல பூந்து முதல் எடம். அந்த ரேஸ்ல அவரு லீட் பண்ண ஒரே லேப் அந்தக் கடைசி லேப்தான். கப்ல அவருக்கு 358வது ரேஸ், முதல் வெற்றி.

அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, டிராயரக் குடைஞ்சு 2011ல வாங்குன அந்த ஸ்கேனர் பேப்பர தேடி எடுத்தேன். இந்தா, இதான், கேமராவுக்குக் கிட்ட காட்டறேன், மடிச்ச எடம் கிழிஞ்சிருக்கு. 66ம் நம்பர், நேரா மெக்டவல் பேரு. அதுக்குப் பக்கத்துல பால்பாயின்ட் பேனால நான்தான் கிறுக்கி வச்சிருக்கேன், "இதுல சவுண்டு வரல".