முதல்ல ஆரு நடந்து போகணும்?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு கல்லடியில இருந்து கதைக்கிறன். கச்சான் காத்து அடிக்கிற நேரம், மைக்கில இரைச்சல் விழுந்தா குறை நினைக்காதீங்க.

விசயத்துக்கு வாறன். மன்னிப்பு, உண்மை, ஈகை, தாழ்மை எண்டு கிறிஸ்தவ விழுமியங்கள் சொல்லுறமே, அதைப் பிடிச்சு வாழ்ந்தா நல்லா வாழலாமா? கோயிலுக்குப் போற ஆக்கள்ட்டக் கேட்டா "ஓம், வேறென்ன" எண்டுவாங்க. போகாத ஆக்கள் "அந்தக் கோயில்காரரையே பாருங்களன்" எண்டு சிரிப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒரு விசயத்தைக் கவனிக்கிறதில்ல. இந்த விழுமியம் ஒவ்வொண்டுக்கும் ஒரு செய்முறை இருக்கு. ஆரு முதல்ல செய்யணும், எதுக்குப் பிறகு எது எண்டு வரிசை இருக்கு. அந்த வரிசையில செஞ்சா நல்ல வாழ்க்கைதான், அதில எனக்குச் சந்தேகம் இல்ல. வரிசையைத் தலைகீழாப் புரட்டினா அடி விழுறது ஏழைக்கும் பொம்புளைக்கும்.

முதல்ல மன்னிப்பைக் கதைப்பம். கூடப் பிழை நடக்கிறது இதிலதான்.

பைபிளில மத்தேயு 5ஆம் அதிகாரம், 23ஆம் 24ஆம் வசனம். காணிக்கையோட பீடத்துக்கிட்ட வந்து நிக்கிறாய். உன்னில ஒருத்தனுக்கு மனத்தாங்கல் இருக்கெண்டு அப்பதான் ஞாபகம் வருது. காணிக்கையை அங்கேயே வச்சிட்டுப் போ, போய் ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து. இங்க நடந்து போறது ஆரு? பிழை செஞ்சவன். பூசை கூட அதுக்குப் பிறகுதான்.

மற்றப் பக்கத்துக்கு மத்தேயு 18, வசனம் 15 தொடக்கம் 17. உனக்கு ஒருத்தன் பிழை செஞ்சா முதல்ல தனியப் போய் அவனுக்கே சொல்லு. கேக்கல்லையா, ஒண்டு ரெண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போ. அதுக்கும் கேக்கல்லையா, சபைக்குச் சொல்லு. சபைக்கும் மசியல்லையா, அவனை வெளியாளா வை. இதில எந்த இடத்தில "வாயை மூடிக்கொண்டு இரு" எண்டு இருக்கு? எல்லாப் படியும் வாய் திறக்கிற படி.

நம்மட ஊரில நடக்கிறது வேற. பிரச்சினை எண்டு வந்தா மூத்தாக்கள் முதல்ல கூப்பிடுறது அடி வாங்கின ஆளை. "மறந்திரு மனே, சிலுவையில தொங்கிக்கொண்டே அவர் மன்னிச்சவர்தானே." அடிச்சவன் வீட்ட இருந்து தேத்தண்ணி குடிக்கிறான். அவனை ஒருத்தரும் எழுப்புறதில்ல.

கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்துக்குப் படிக்கிற அஞ்சு விசயம் தெரிஞ்சிருக்கும். மனச்சாட்சியைச் சோதிக்கிறது, மனம் வருந்துறது, இனிச் செய்யமாட்டன் எண்ட தீர்மானம், குருவிட்டச் சொல்லுறது, பரிகாரம் செய்யிறது. கனபேர் நாலாவதோட எழும்பி வந்திருவாங்க. ரெண்டு செபம் சொன்னா அஞ்சாவதும் முடிஞ்சுதெண்டு நினைப்பு. கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு 1459ஆம் இலக்கத்தைப் பாருங்க. களவெடுத்ததைத் திருப்பிக் குடுக்கணும், கெடுத்த பேரைச் சரி செய்யணும், காயத்துக்கு ஈடு கட்டணும் எண்டு இருக்கு.

எவ்வளவு ஈடு? லேவியர் 6:5 கணக்கே சொல்லுது: முழுத் தொகை, அதோட ஐந்தில ஒரு பங்கு. 50,000 ரூபாய் ஏமாத்தி எடுத்திருந்தா 60,000. வரி வசூலிச்ச சக்கேயு இன்னும் தாராளம், நாலு மடங்கு எண்டார், லூக்கா 19:8. வேலியை ரெண்டு முழம் தள்ளிப் போட்ட ஆள் மன்னிப்புக் கேக்கிற நேரம், கட்டையைப் பிடுங்கி, பழைய குழியில நட்டு, கம்பி இழுத்த பிறகு. தள்ளின வேலிக்கு இங்கால நிண்டுகொண்டு கும்பிட்டா அது மன்னிப்பில சேராது. அவதூறும் அப்பிடித்தான். செத்த வீட்டில ஆறு பேருக்கு முன்னால சொன்ன பொய்யை, சம்பந்தப்பட்ட ஆளின்ர காதுக்குள்ள "சொறி" சொல்லி முடிக்க ஏலாது. அதே ஆறு பேருக்கும் சொல்லணும். வட்ஸ்அப் குழுவில போட்டதெண்டா அதே குழுவில.

வீட்டுக்குள்ள அடி நடக்கிற இடத்துக்கு இந்த "தனியப் போய்ச் சொல்லு" பொருந்தாது. தனியப் போறது ஆபத்தான ஆள்ட்டத் தனியப் போகச் சொல்லுறது புத்தி இல்ல. "மனைவி பணிஞ்சு நடக்கணும்" எண்டு 1 பேதுரு 3ஆம் அதிகாரம் முதலாம் வசனத்தை வாசிக்கிறவர், ஏழாம் வசனத்துக்கு வந்து சேர்றதில்ல. அதில புருசன் மனைவியை மதிச்சு நடக்கணும், இல்லாட்டி அவன்ர செபமே தடைப்படும் எண்டு இருக்கு. அந்தப் பக்கத்தை முழுசா வாசிக்கச் சொல்லுங்க.

நாட்டுச் சட்டமும் இருக்கு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில நீதவான் நீதிமன்றத்துக்குப் போனா, 14 நாள் வரைக்கும் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், விசாரிச்ச பிறகு 12 மாதம் வரைக்கும் நீடிக்கலாம். மகளிர் உதவிக்கு 1938 எண்ட இலக்கம். போலீசுக்குப் போனா மன்னிக்காத ஆள் எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க. மனசில வன்மம் வைக்காம இருக்கிறது ஒண்டு, அடுத்த அடியைத் தடுக்கிறது வேற ஒண்டு. ரெண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில செய்யலாம்.

இதை மட்டக்களப்புக்கு விளங்கப்படுத்தத் தேவையில்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, சீயோன் தேவாலயத்துக் குண்டுத் தாக்குதலில செத்த ஆக்களில சின்னப் பிள்ளைகள் எத்தனையோ. அடுத்த வருசம் உயிர்த்த ஞாயிறுப் பூசையில கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கினவங்களை மன்னிச்சிட்டம் எண்டு சொன்னார். அதே ஆள்தான் பின்னால இருந்தது ஆரு எண்ட உண்மையைக் கேட்டு விடாம நிண்டவர். 2023 ஜனவரி 12இல உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, தாக்குதலைத் தடுக்கத் தவறினதுக்கு, 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டணும் எண்டு தீர்ப்புச் சொன்னது. மன்னிக்கிறதும் நீதி கேக்கிறதும் மோதுற விசயம் இல்ல எண்டதுக்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியல்ல.

சரி, காசு.

மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல. அவர் கொண்டு வந்த அந்த இயக்கத்தின்ர ஒழுங்கைப் பார்த்தா, காசைப் பற்றியும் கன விசயம் இருக்கு. 1742இல இங்கிலாந்தில பிரிஸ்டல் எண்ட ஊரில தொழுகை மண்டபத்துக் கடன் அடைக்க ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி எண்டு முடிவெடுத்தாங்க. பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், அவர் வீடு வீடாப் போய் வாங்கணும். ஏழைகள் எப்பிடிக் கட்டுறது எண்ட கேள்வி வந்தது. ஒருத்தர் எழும்பி, "ஏழையாப் பார்த்து பதினொரு பேரை என்ர கையில தாங்க, அவங்களால ஏலாட்டி நான் கட்டுறன்" எண்டார். வகுப்புக் கூட்டம் எண்டு மெதடிஸ்தர் சொல்லுறது அப்பிடித் தொடங்கினது. பென்னி வாங்கப் போன தலைவர்மாருக்கு ஆரு வீட்டில அடுப்பெரியல்ல, ஆரு குடிச்சிட்டுக் கிடக்கிறான் எண்டெல்லாம் தெரிய வந்தது. காசு வசூல் ஆள் விசாரிக்கிற வேலையா மாறினது.

அடுத்த வருசம், 1743இல, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கின ஜோன் வெஸ்லி எழுதின பொது விதிகளில ஒண்டு: திருப்பிக் கட்ட வழி தெரியாமக் கடன் வாங்காதே, காசு குடுக்க வழி தெரியாம சாமான் எடுக்காதே. கிழமைக் கிழமை கட்டுற நுண்கடனில சிக்கின நம்மட வீடுகளுக்கு எழுதின மாதிரியே இருக்கு. குழுக்கடன் எடுக்கேக்க ஆளுக்காள் பிணை நிக்கிறமே, நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் முதல் அஞ்சு வசனமும் அதுக்கு எச்சரிக்கை. ஏற்கெனவே பிணை நிண்டிட்டா? கண்ணுறங்காம ஓடு, கெஞ்சு, விடுவிச்சுக்கொள் எண்டு சொல்லுது. பக்கத்து வீட்டுப் பொம்புளை நல்லவ எண்டது வேற, அவவின்ர கடனை உங்களால கட்ட ஏலுமா எண்டது வேற. கையெழுத்துக்கு முதல் ரெண்டாவது கேள்வியைக் கேளுங்க.

இப்ப தசமபாகம், அதாவது வருமானத்தில பத்தில ஒண்டைக் காணிக்கையாக் குடுக்கிறது. மாதம் 60,000 வருது, கடன் தவணை 24,000 போகுது எண்டு வையுங்க. 6,000 ஐக் காணிக்கைக்கு எடுத்து வச்சிட்டு, அரிசி கடையில கொப்பிக்கு எழுதுறது பக்தி எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்காங்க. அது கடைக்காரன்ர காசில காணிக்கை. 2 கொரிந்தியர் 8:12 தெளிவு: ஒருத்தர்ட்ட இருக்கிறதுக்கு ஏத்த மாதிரிக் குடுத்தா ஏற்கப்படும், இல்லாததுக்கு ஏத்த மாதிரி இல்ல. என்ர கருத்தில வரிசை இதுதான்: கூலி பாக்கி, வீட்டுச் சாப்பாடு, கடன் தவணை, அதுக்குப் பிறகு காணிக்கை, அது நூறு ரூபாய் எண்டாலும். ஏழைக் கைம்பெண் ரெண்டு காசு போட்ட கதையைச் சொல்லி வசூலிக்கிறவர்ட்ட, மாற்கு 12இல அந்தக் கதைக்குச் சற்று முன்னால 40ஆம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்க. கைம்பெண்களின்ர வீடுகளை விழுங்குறவங்களுக்கு என்ன கிடைக்கும் எண்டு அதில இருக்கு.

கூலியை ஏன் முதல்ல வச்சன்? லேவியர் 19:13, கூலிக்காரன்ர கூலி விடியும் வரைக்கும் உன்ர கையில இருக்கக் கூடாது. இணைச்சட்டம் 24:15, பொழுது படுறதுக்கு முதல் குடு. வட்டையில களை பிடுங்கின பொம்புளைகளுக்கு "நெல்லு வித்திட்டுத் தாறன்" எண்டு சொல்லுற போடியார் ஞாயிற்றுக்கிழமை முன்வாங்கில இருந்தா, யாக்கோபு 5:4 அவருக்குத்தான். பிடிச்சு வச்ச கூலி கூக்குரல் போடுது எண்டு அதில இருக்கு. ஆளைக் கூப்பிடுறதுக்கு முதல் மூண்டு விசயம் சொல்லிப் போடுங்க: எவ்வளவு, சாப்பாடு சேர்த்தா இல்லையா, எந்த நேரம் காசு கையில வரும். சண்டையில பாதி மூண்டாவதைச் சொல்லாததாலதான்.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல் கத்தோலிக்கர் நோன்பிருக்கிற தவக்காலத்தைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்ல. 18 வயசில இருந்து 59 வரைக்கும் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒரு நேரம் முழுச் சாப்பாடு, மற்ற ரெண்டு நேரம் கொஞ்சம். வெள்ளிக்கிழமை இறைச்சி இல்ல. நோக்கம், மிச்சம் பிடிச்ச காசு இல்லாத ஆளுக்குப் போறது. நம்மட பக்கம் என்ன நடக்குது? இறைச்சி இல்லையெண்டு வாவி இறாலும் நண்டும் வாங்கி, கோழியை விட ரெண்டு மடங்கு செலவழிச்சு, மூக்கால தண்ணி வரச் சாப்பிடுறம். சட்டம் மீறல்ல, ஓம். மிச்சக் காசு எங்க?

உதவி செய்யிறதில பழகக் கூடின ஒழுங்கு வின்சென்ட் டி போல் சபையில இருக்கு. ஏழைகளுக்கு உதவுற கத்தோலிக்கச் சபை அது, 1833இல பாரிஸ் நகரத்தில தொடங்கினது. ரெண்டு பேராத்தான் வீட்டுக்குப் போவாங்க. அதால கதை கட்ட வழியில்ல, கணக்கிலயும் பிசகு வராது. கூட்டத்தில பை ஒண்டு சுத்தி வரும், ஆரு எவ்வளவு போட்டார் எண்டு தெரியாது. குடுக்கிறதைப் படம் எடுத்து முகநூலில போடுறவங்க மத்தேயு 6:3 ஐப் பாருங்க, வலது கை செய்யிறது இடது கைக்கே தெரியக் கூடாதாம். இன்னொண்டு: அரிசிப் பையைக் காட்டி "எங்கட செபக் கூட்டத்துக்கு வாங்க" எண்டு கூப்பிடாதீங்க. சைவமும் இஸ்லாமும் கிறிஸ்தவமும் ஒரே ஒழுங்கையில இருக்கிற மாவட்டம் இது. நல்ல சமாரியன் காயத்துக்கு எண்ணெய் ஊத்தினான், சத்திரக்காரனுக்கு ரெண்டு தெனாரியம், அதாவது ரெண்டு நாள் கூலி, குடுத்தான், மிச்சச் செலவுக்கும் தான் பொறுப்பெண்டான். அடிபட்டவனிட்ட மதம் கேக்கல்ல.

கிறிஸ்தவர் இல்லாத ஆள் இதெல்லாம் செய்யலாமா? படிகளைத் தாராளமாச் செய்யலாம், வேலையும் செய்யும். காரணம்தான் வேற. கிறிஸ்தவருக்கு, கட்ட ஏலாத கடன் தனக்கு ஏற்கெனவே தள்ளுபடி ஆகிட்டுது எண்ட நம்பிக்கை. மத்தேயு 18இல ஒரு கதை இருக்கு: ராசா ஒரு ஊழியனுக்குத் தள்ளுபடி செஞ்சது பத்தாயிரம் தாலந்து, கட்டவே ஏலாத தொகை; அவன் வெளிய போய்த் தனக்குக் கடன்பட்டவன்ர கழுத்தைப் பிடிச்சது நூறு தெனாரியத்துக்கு, அதாவது நூறு நாள் கூலிக்கு. நூறு நாள் கூலி சின்னக் காசு இல்ல, அதைக் கவனிங்க. உனக்கு நடந்தது சின்ன விசயம் எண்டு அந்தக் கதை சொல்லல்ல.

இந்தக் கிழமை தொடங்குறதெண்டா, பழைய கொப்பியை எடுத்து ஆருக்குக் கூலி பாக்கி எண்டு பாருங்க. நீங்களே காசைக் கொண்டு போங்க, அவங்களை வரச் சொல்லாதீங்க. அடுத்த வீடியோவில குழுக்கடன் ஒப்பந்தத்தில கையெழுத்துக்கு முதல் வாசிக்க வேண்டிய பகுதிகளைக் காட்டுறன்.